பொன்னுக்குப் போனவர்

எங்கள் வீட்டில் 'கோலார்' என்பது ஓர் ஊரின் பெயராக வழங்கியதில்லை. ஒரு மனத்தாங்கலின் பெயராகவே வழங்கிவந்தது. எவரேனும் சொன்ன சொல் தவறினால், "இவனும் கோலார்க்காரன் மாதிரித்தான்" என்பார் தாத்தா. அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த மனத்தாங்கலின் வரலாறு பத்து வயதிலேயே மனப்பாடமாகிவிட்டது.

வரலாறு இதுதான். பழைய சேலம் மாவட்டத்தின் கிருஷ்ணகிரிப் பகுதியில், காணி நிலமும் இல்லாத குடும்பம் ஒன்றில் இரு சகோதரர் இருந்தனர். 1920களின் நடுப்பகுதியில் மூத்தவர் கங்காணியின் பின்னால் இலங்கைக்குப் புறப்பட்டார். அவர் என் பூட்டன். இளையவர் கடல் கடக்க அஞ்சி, வடக்கே நடந்து, மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலை அடைந்தார். ஒருவர் தேயிலைக்குப் போனார். மற்றவர் பொன்னுக்குப் போனார். தேயிலைக்குப் போனவரின் பிள்ளைகள் கொழுந்துக் கூடையுடன் மலையேறிய காலமெல்லாம், பொன்னுக்குப் போனவரின் வீட்டிலே பொன் குவிந்து கிடப்பதாக எங்கள் லயத்தில் நம்பினார்கள்.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எங்களவரை நாடற்றவராக்கியது. 1964 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் என்று எங்களைப் பங்கிட்டது. அந்நாளில் பூட்டன் ஊர் திரும்ப விரும்பினார். ஆனால், திரும்பிப் போய் இறங்குவதற்கு ஒரு வாசற்படி வேண்டுமல்லவா? 1967 இல், எழுத்தறிவற்ற பூட்டன் சொல்லச் சொல்ல, அப்போது இருபத்துமூன்று வயதினரான என் தாத்தா கோலாருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நாங்கள் வரலாமா? வந்தால் சில மாதம் உங்கள் வீட்டில் ஒதுங்க இடம் உண்டா?' என்பதே அதன் சாரம். பதில் வரவில்லை. குடும்பம் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தது, அதுவும் கிட்டவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே என் தாத்தா ஒரு நாட்டின் பிரசையானார். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளையும் அவர் அந்தப் பதில் வராத கடிதத்தின் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தார்.

தாயகம் திரும்பிக் கோத்தகிரியில் வாழும் உறவினர் ஒருவர் வழியாக, கோலார்ப் பாட்டனாரின் மகன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று தெரியவந்தது. 2023 டிசெம்பர் விடுமுறையில் என் சித்தப்பாவுடன் நான் அங்கு சென்றேன். கலைப்பீட மாணவியாகிய எனக்குச் சுரங்கவியல் தெரியாது. போகும்போது என் கையில் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே.

பங்காருப்பேட்டையில் பிரிந்து மாரிக்குப்பத்தில் முடிகின்ற கிளைப் பாதையில் புகையிரதம் எங்களைக் கொண்டு சேர்த்தது. முதலில் கண்ணிற்பட்டவை குன்றுகள். மலைநாட்டில் பிறந்தவளின் கண் குன்றைக் கண்டதும் பச்சையைத் தேடும். இங்கே பச்சை இல்லை. சாம்பல் நிறத்தில், உச்சி தட்டையாக, மழைநீர் அரித்த கோடுகளுடன் அவை நின்றன. அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. நூற்றிருபது ஆண்டுகளாகப் பூமிக்கடியில் இருந்து ஏற்றி, அரைத்து, பொன்னை எடுத்துக்கொண்டு கொட்டிய கழிவு மண். அவ்வூரார் அவற்றைச் 'சயனைட் மலை' என்கின்றனர். மூன்று கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மண் அவ்வாறு குவிந்திருக்கிறது.

அடுத்துக் கண்டது வீடுகளை. ஒரே கூரையின் கீழ், சுவரோடு சுவராக, வரிசை வரிசையாக. சித்தப்பா நின்றுவிட்டார். "இது நம்ம லயமல்லவா?" என்றார். ஆம், அந்த ஊரிலும் அதற்கு 'லைன்' என்றுதான் பெயர். ஒரே ஆங்கிலச் சொல் இரு நாடுகளில் இரு தமிழ் வடிவங்களைப் பெற்று, ஒரே வகை வாழ்வைக் குறித்து நிற்கக் கண்டேன்.

அப்படியொரு வீட்டின் திண்ணையில், எண்பத்திரண்டு வயதினரான சின்னத் தாத்தா எங்களுக்காகக் காத்திருந்தார். 1960 முதல் 1999 வரை தரைக்குக் கீழே வேலை செய்தவர். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "உங்க தாத்தா இருக்காரா கண்ணு?" என்பது. இருக்கிறார் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் என் கேள்வியைக் கேட்கவில்லை. வந்த விருந்தினர் முதல்நாளே பழங்கணக்கை எடுப்பது முறையன்று என்று சித்தப்பா கண்ணாலே தடுத்துவிட்டார். ஆகவே நான் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

இரண்டு நாட்கள் அவர் அதனைச் சொன்னார். திண்ணைச் சிமெந்தில் கரித்துண்டால் வரைந்து சொன்னார். அவர் சொன்னதையும், பின்னர் நூலகத்தில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கு தருகின்றேன்.

கோலார்ப் பகுதியில் பொன் உண்டென்பது பழையோர் அறிந்ததே. நெருப்பிட்டுப் பாறையைப் பிளந்து, அவர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே குழிகள் தோண்டியிருக்கின்றனர். 1802 இல் நிலஅளவைப் பணியில் வந்த ஜோன் வொரன் என்னும் பிரித்தானியப் படையதிகாரி இதனைக் குறித்துவைத்தார். 1870களில் மைக்கல் லவெல் என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் மைசூர் அரசிடம் அகழ்வதற்கு உரிமை பெற்றார். 1880 இல் லண்டனைச் சேர்ந்த ஜோன் டெய்லர் கம்பனி பொறுப்பேற்றபின், இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதிச் சுரங்க வல்லுநர் வந்திறங்கினர். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்ற சுரங்கங்கள் எழுந்தன. 1902 இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீற்றர் தூரம் கம்பியிழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அது அந்நாளில் உலகின் நீண்ட மின்கம்பி வழிகளுள் ஒன்று. காவிரி விழுந்த விசையிலே கோலாரின் கூண்டுகள் ஏறி இறங்கின.

சுரங்கம் என்றதும் நாம் கிடையாகச் செல்லும் ஒரு குகையை நினைக்கிறோம். உண்மை வேறு. பொன் தாங்கிய படிகக்கல், கரும்பாறையின் நடுவே ஒரு மெல்லிய பலகையைச் செருகிவைத்தாற்போல், வடக்குத் தெற்காக ஓடி, மேற்கு நோக்கிச் சரிந்து கீழே போகிறது. அதன் தடிப்பு பல இடங்களில் ஒரு மீற்றர் அளவே. அந்த மெல்லிய பலகையை மட்டும் உருவி எடுக்க வேண்டும். இருபக்கத்துப் பாறையும் இடிந்து விழாமல் நிற்கவும் வேண்டும். சுரங்கத்தின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு சிக்கலுக்குக் கண்ட விடையே.

முதலில் ஒரு பெருங்குழி. அங்கு அதனைச் 'சாப்ட்டு' என்பர். அதன் வாயில் ஓர் இரும்புக் கோபுரம். கோபுரத்தின் உச்சியில் பெருஞ்சக்கரம். சற்றுத் தள்ளி ஏற்றப்பொறி இருக்கும் கட்டிடம். பொறியின் உருளையில் சுற்றிய எஃகு வடம், உச்சிச் சக்கரத்தின் மேலேறிக் குழிக்குள் தொங்குகிறது. வடத்தின் நுனியில் கூண்டு. ஏற்றப்பொறியை இயக்குபவர் கூண்டைக் காண்பதில்லை. மணியொலியும் சுட்டுமானியும்தான் அவருக்குக் கண்கள். ஓடும்போது ஒரு மணி கேட்டால் நிறுத்தவேண்டும். அந்த ஒரு மணியைப் பிழையாகக் கேட்டால் கூண்டிலுள்ள அத்தனை பேரின் உயிரும் போய்விடும். "அந்த வேலைக்காரனோட நாங்க யாரும் சண்டை பிடிக்கமாட்டோம்" என்று சின்னத் தாத்தா சிரித்தார்.

குழியிலிருந்து ஏறத்தாழ நூறு அடிக்கு ஒன்றாக மட்டங்கள் பிரியும். அவற்றை 'லெவல்' என்றே சொல்வர். ஒவ்வொரு மட்டத்திலும் பாறையைக் குறுக்கே குடைந்து பொன்னிழையை அடைவர். அடைந்தபின் இழையின் வழியே நெடுக வெட்டிச் செல்வர். மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையே ஆங்காங்கு சிறுகுழிகளை இணைப்பர். அவ்வாறு நான்கு பக்கமும் வழி கண்டபின், நடுவிலிருக்கும் கல்லைத் துளையிட்டு, வெடிவைத்துப் பெயர்ப்பர். பெயர்ந்த கல் தன் எடையினாலேயே சரிந்து கீழ்மட்டத்து வாய்க்கு வரும். அங்கு தள்ளுவண்டிகளில் நிரப்பிக் குழிக்குக் கொண்டுசெல்வர். கல்லைத் தூக்காமல் விழவைப்பதே இந்த அமைப்பின் சூட்சுமம். சின்னத் தாத்தா வரைந்து முடித்தபோது, திண்ணையில் தலைகீழாக நட்ட ஒரு மரம் தெரிந்தது. அடிமரம் குழி, கிளைகள் மட்டங்கள். அந்த மரத்தின் உச்சிக்கிளை 3 கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தது.

அத்துணை ஆழத்துக்கு ஒரே கூண்டில் செல்ல இயலாது. ஒரு குழியின் அடியில் இறங்கி, சுரங்கத்தினுள்ளேயே நடந்து, உள்ளே வெட்டப்பட்ட மற்றொரு குழியின் கூண்டில் ஏறவேண்டும். வேலை செய்யும் முகத்தை அடைவதற்கே வேளையின் ஒரு பகுதி கழிந்துவிடும்.

ஆழம் கூடக் கூட எதிரிகளும் கூடினர். முதலாவது வெப்பம். நம் மலைநாட்டில் மேலே ஏற ஏறக் குளிரும்; பூமிக்குள் இறங்க இறங்கக் கொதிக்கும். மூவாயிரம் மீற்றர் ஆழத்தில் கன்னிப்பாறையின் வெப்பம் 65 பாகை செல்சியசை அண்மித்தது. வெறுங்கையால் பாறையைத் தொடமுடியாது. ஆகவே தரையிலிருந்து காற்றைக் குளிர்வித்துக் குழிவழியே அனுப்பினர். ஒரு குழியால் நற்காற்று இறங்கும். மற்றொரு குழியால் கெட்ட காற்று ஏறும். இடையில் கதவுகள் அமைத்து அதன் பாதையை வகுப்பர். கதவொன்றைத் திறந்தபடி விட்டால், எங்கோ ஒரு மட்டத்தில் ஒருவனுக்கு மூச்சு முட்டும். "எங்க கதவை நாங்க மூடுறது எங்களுக்காக இல்ல கண்ணு, கண்ணுக்குத் தெரியாத எவனுக்காகவோ" என்றார்.

இரண்டாவது எதிரி பாறையே. ஒருபுறம் கல்லை எடுத்துவிட்டால், மேலிருக்கும் சுமை அருகிலுள்ள பாறைமீது சென்று அழுத்துகிறது. தாங்க முடியாத கணத்தில் அது வெடித்துச் சிதறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கோலாரில் இத்தகைய பாறைவெடிப்புகள் பதிவாகியுள்ளன. முன்னர் மரத்தூண்களை நிறுத்தினர், மரம் நசுங்கியது. பின்னர் கருங்கல்லைச் செதுக்கி அடுக்கி, வெட்டிய வெற்றிடத்தையே சுவரால் நிரப்பினர். அப்படியும் வெடிப்பு நிற்கவில்லை. அதன் அதிர்வு தரைமேலுள்ள வீடுகளையும் உலுக்கும். 1988 இல் பாறைப்பொறியியலுக்கான தேசிய நிறுவகத்தை இந்திய அரசு இவ்வூரிலேயே நிறுவியதற்கு, இப்பாறைகள் ஒரு நூற்றாண்டாகக் கற்பித்த பாடமே காரணம் எனலாம்.

இதுவரை வாய் திறவாதிருந்த சின்னப் பாட்டி இவ்விடத்திற் பேசினார். நடு இரவில் அடுக்களையில் பாத்திரங்கள் தாமாகக் குலுங்கினால், லைன் முழுவதும் விளக்குகள் எரியுமாம். பெண்கள் குழிவாயிலுக்கு ஓடுவராம். அங்கே ஒரு பலகை. கீழே இறங்குபவர் ஒவ்வொருவரும் தம் இலக்கம் பொறித்த பித்தளை வில்லையால் தம்மைப் பதிவுசெய்துவிட்டே இறங்குவர். ஏறி வந்ததும் கணக்கைத் தீர்ப்பர். தீராத இலக்கம் கீழேயிருக்கும் ஆள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரோட நம்பர் மட்டும் தெரியும்" என்றார் பாட்டி.

பெண்களுக்குச் சுரங்கத்தின் உள்ளே வேலையில்லை, சட்டமே தடுத்தது. தரையின் மேலேதான் அவர்களுக்குக் கூலிவேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் நிலைமை நேரெதிர். மலைச்சரிவெங்கும் பெண்களின் கைகளாலேயே உற்பத்தி நடைபெறுகிறது. தேயிலையில் என் பாட்டி விரல் தேய்ந்தார். கோலாரில் சின்னப் பாட்டி பலகையைப் பார்த்தபடி நின்றார். இரண்டையும் உழைப்பு என்றே நான் கொள்கிறேன். இரண்டாவதற்குக் கூலி கொடுப்பார் எவருமிலர்.

மேலே வந்த கல்லின் கதையையும் சொல்லவேண்டும். கனத்த இரும்புலக்கைகள் அதனைப் பொடியாக இடித்தன. பாதரசம் பொன்னைப் பற்றிக்கொண்டது. எஞ்சிய பொன்னைச் சயனைட் கரைசல் கரைத்தெடுத்தது. கரைசலில் நாகத்தைச் சேர்க்கப் பொன் படிந்தது. தொடக்ககாலத்தில் ஒரு தொன் கல்லில் 40 கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. இறுதிக்காலத்தில் 3 கிராம் அளவாகக் குறைந்தது. அதாவது அரைப் பவுணுக்கும் குறைவு. அந்த அரைப் பவுணுக்காக ஒரு தொன் கல்லை மூன்று கிலோமீற்றர் ஏற்றவேண்டும், காற்றைக் குளிர்விக்கவேண்டும், நீரை இறைக்கவேண்டும். செலவு வரவை மிஞ்சியது. 1956 இல் மைசூர் அரசுடைமையாகி, 1962 இல் மத்திய அரசின் கைக்கு மாறி, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக இயங்கிய கோலார், 2001 பெப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதுவரை எடுத்த பொன் ஏறத்தாழ 800 தொன். இறைப்பது நின்றதும், மட்டம் மட்டமாக நீர் ஏறி, சின்னத் தாத்தாவின் தலைகீழ் மரத்தை மூழ்கடித்துவிட்டது.

இந்தச் சுரங்கம் பொன்னை மட்டும் தரவில்லை. 1965 இல் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவகத்தினர் ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களுடன் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2 கிலோமீற்றருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூத்திரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர். வேறு கதிர்களையெல்லாம் பாறை தடுத்துவிட, எதனாலும் தடுக்கப்படாத அந்தத் துகள் மட்டும் அங்கு வந்தது. சின்னத் தாத்தா அந்த அறிஞர்களைக் கூண்டில் கண்டிருக்கிறார். "வேர்த்து ஒழுக ஒழுக நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாங்க" என்றார்.

தமிழுக்கும் அவ்வூர் தந்தது உண்டு. வடவார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களே அங்கு தொழிலாளருட் பெரும்பாலோர். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பின்னர், 1926 முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பெற்றது. 1930 இல் ஒவ்வொருவரும் விரலடையாளம் பதிக்கவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கெதிராகச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கீழே இறங்கி எந்த ஆபத்தையும் ஏற்பவர், மேலே தம்மைக் குற்றவாளிபோல் நடத்துவதை ஏற்க மறுத்தனர். எங்கள் பாடநூல்களிலே இவற்றை நான் கண்டதில்லை. தமிழ் இதழியல் வரலாற்றைச் சென்னை, யாழ்ப்பாணம் என்ற இரு நகரங்களோடு முடித்துக்கொள்பவர்கள், இந்தச் சாம்பற் குன்றுகளின் அடிவாரத்தையும் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது எதிரியைப் பற்றிச் சின்னத் தாத்தா இரண்டாம் நாள் மாலையில்தான் சொன்னார். அது தூசி. படிகக்கல்லைத் துளையிடும்போது எழும் நுண்தூசி நுரையீரலிற் சென்று தங்கினால் வெளியேறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரல் இறுகுகிறது. நீரைப் பீய்ச்சித் துளையிடும் முறை தூசியைக் குறைத்தது. ஆயின் அதற்கு முன்னர் உட்கொண்ட தூசிக்கு மருந்தில்லை. அவருடைய தந்தையார், அதாவது எங்கள் வீட்டுக் கதையின் 'பொன்னுக்குப் போனவர்', முப்பத்தைந்து ஆண்டுகள் பாறை துளைத்தவர். 1960 இல் மூச்சு இழுக்க முடியாமல் வேலையை விட்டார். மகன் அவரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஆகவே மகன் இறங்கியேயாக வேண்டும்.

அப்பொழுது அவர் எழுந்து உள்ளே சென்று, ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்தார். வேலைச் சான்றிதழ்களுக்கும் பழைய கூலிச்சீட்டுகளுக்கும் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். தாத்தாவின் கையெழுத்து. இன்றும் அவர் 'ண'கரத்தை அப்படித்தான் சுழிப்பார். 1967.

"லெட்டர் வந்தப்ப அப்பா படுத்திருந்தாரு. படிச்சுக் காட்டினேன். வரச்சொல்லி எழுதுடான்னாரு. அடுத்த மாசமே போயிட்டாரு. எழுதாம விட்டது நான்தான் கண்ணு."

ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்ட வீடு. அதில் அவரும், மனைவியும், தாயும், மூன்று தங்கையரும். அதுவும் அவர் கீழே இறங்கும்வரையில் மட்டும் அவருடையது. வாருங்கள் என்று எழுதினால் எங்கே இருத்துவது? வராதீர்கள் என்று எழுதினால், இறக்கும்போது தந்தை சொன்ன சொல் என்னாவது? இரண்டில் எதையும் எழுத முடியாமல் ஒரு மாதம் போயிற்று. பின்னர், இவ்வளவு தாமதமாக எப்படி எழுதுவதென்று ஓராண்டு போயிற்று. பின்னர் ஐம்பத்தாறு ஆண்டுகள்.

நான் என்ன சொல்வது? எங்கள் லயத்தில் பொன் குவிந்து கிடந்ததாக நாங்கள் எண்ணிய வீடு இதுதான். சுவரில் ஒரு பழைய நாட்காட்டி. மூலையில் ஒரு மண்பானை. அவருடைய பேரர் இருவர் விடியுமுன் புகையிரதத்தில் பெங்களூர் சென்று, இரவிலே திரும்புகின்றனர். சுரங்கம் மூடியபின் அவ்வூராருட் பலருக்கு அதுவே வாழ்வு. அந்த வீட்டில் பொன் என்று நான் கண்டது சின்னப் பாட்டியின் மூக்குத்தி ஒன்றுதான்.

இவற்றையெல்லாம் ஒரு தத்துவமாகச் சுருக்கிவிடுவது எங்களைப் போன்ற கலைப்பீட மாணவருக்கு எளிது. மூலதனம் ஒரே குடும்பத்தின் இருவரை இரு திசைகளில் அனுப்பியது, ஒருவரை மலைமேலும் மற்றவரைப் பூமிக்கடியிலும் நிறுத்தியது, இருவருக்கும் வேலையோடு கட்டிய வீட்டைத் தந்து அசையாமற் செய்தது என்று நான் ஒரு பரீட்சை விடையில் எழுதிவிடலாம். அது பொய்யுமன்று. ஆயினும் அந்த விடையிலே, பதிலெழுத முடியாமற் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்த ஓர் இருபத்தாறு வயது இளைஞருக்கு இடமில்லை. தாமதத்தைக் கண்டு வெட்கி மேலும் தாமதித்த அவருடைய பிழை, மூலதனத்தின் பிழையன்று, அவருடையதே. அதை அவரும் மறுக்கவில்லை. அதனாலேயே அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

நாங்கள் புறப்படும் காலையில் அவர் ஒரு கடிதத்தை என்னிடம் தந்தார். இரவு முழுவதும் எழுதியிருக்கிறார் என்று பாட்டி சொன்னார். உறை ஒட்டப்படவில்லை, எனினும் நான் படிக்கவில்லை.

வீடு வந்து தாத்தாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் இருந்து அவர் படித்தார். ஒரு பக்கக் கடிதம், நெடுநேரம் பிடித்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தபின், "எவ்வளவு ஆழம்?" என்றார்.

"மூவாயிரம் மீற்றருக்கு மேல், தாத்தா. நம் பீதுறுதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர்தான். அந்த மலையைத் தலைகீழாக இறக்கினாலும் அடி தட்டாது."

அவர் எதிரேயிருந்த மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தனர். பிறகு, "அவ்வளவு கீழ போயிட்டு மேல வந்தவனுக்குக் கடதாசி எழுத எங்க தெம்பிருக்கும்" என்றார். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அச்சொல்லை ஒருபோதும் பயன்படுத்துபவரல்லர்.

மறுநாட் காலை என்னை அழைத்துக் கொப்பியும் பேனாவும் எடுக்கச் சொன்னார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். '1967 இல் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் பதில் கிடைத்தது. நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலனுக்கும், மதனி, பேரப்பிள்ளைகளின் நலனுக்கும் எழுதவும்.' அவ்விடத்தில் சற்று நிறுத்தினார். "மழைக்காலம் முடிஞ்சதும் வரச்சொல்லி எழுது. இடம் இருக்குன்னு எழுது" என்றார்.

எழுதினேன்.